பதினைந்து நாள் லீவும் பனிமலைப் பள்ளத்தாக்கும்

இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் போட்டுவைத்த கணக்கு. அதற்குத் தகுதி பெற ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 180 நாளாகக் குறைத்திருக்கிறது. இருபதுக்கு ஒன்று என்பது மட்டும் மாறவில்லை. பெங்களூரின் பீன்யாவில் ஒரு சி.என்.சி. பட்டறையில் ஆண்டுக்கு 300 நாள் நின்று வேலை பார்ப்பவருக்குக் கையில் மிஞ்சுவது 15 நாள். ஊர்த் திருவிழா, தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குள்தான்.

அந்தப் பதினைந்தையும் செலவழிக்காமல் சேர்த்து இமயமலைக்குப் போக நினைக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். தும்கூர் சாலையை ஒட்டிய இந்தத் தொழிற்பேட்டைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் இன்று டிசைன் பிரிவிலும் கணினி நிறுவனங்களிலும் வேலை பார்க்கிறார்கள். ஞாயிறு விடிவதற்குள் டாபஸ்பேட்டை பஸ் பிடித்து சிவகங்கே மலை ஏறிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். வடக்கே போகும் ரயில்கள் கிளம்பும் யஷ்வந்த்பூர், பீன்யாவிலிருந்து மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம். ஆசைக்கும் ரயிலுக்கும் இடையே தூரம் குறைவுதான். ரயில் இறங்கிய பிறகு சாலை முடிந்துபோகும் பள்ளத்தாக்குக்குள் நுழைவதற்கு யாருடைய அனுமதி வேண்டும், எந்த வழி திறந்திருக்கும், உடம்பு எவ்வளவு தாங்கும், எப்போது திரும்பியே ஆக வேண்டும் என்பவைதான் கடினமான கேள்விகள். இவை நான்கும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: கையில் எத்தனை நாள் இருக்கிறது?

இதைப் பெங்களூர் மிகக் கொடுமையாகக் கற்றுக்கொண்டது 2024 ஜூனில். மே 29 அன்று உத்தரகாசியிலிருந்து சஹஸ்த்ர தால் என்ற ஏரியை நோக்கி 22 பேர் புறப்பட்டார்கள். கர்நாடக மலையேற்றச் சங்கத்தின் வழியாகச் சேர்ந்த குழு. பெரும்பாலோர் பெங்களூர்க்காரர்கள், மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். ஜூன் 7-க்குள் திரும்புவதாகத் திட்டம். ஜூன் 3 அன்று ஏரிவரை போய்விட்டு முகாமுக்குத் திரும்பும்போது, 4,000 மீட்டருக்கு மேலே, பனிப்புயல் பிடித்துக்கொண்டது. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள்தான். மாநிலப் பேரிடர் மீட்புப் படையினர் தரைவழியே ஏறினார்கள், விமானப் படை ஹெலிகாப்டர்கள் பறந்தன, கர்நாடக அமைச்சர் கிருஷ்ண பைரே கௌடா டேராடூனுக்கே போய் மீட்பை ஒருங்கிணைத்தார். 13 பேர் உயிரோடு திரும்பினார்கள். ஒன்பது பேர் திரும்பவில்லை. அவர்களில் 34 வயதுக்காரரும் உண்டு, 71 வயதுக்காரரும் உண்டு.

அந்தக் குழுவில் வழிகாட்டிகள் இருந்தார்கள், மலையில் பழகியவர்களும் இருந்தார்கள். மாதமும் எல்லாரும் மலையேறும் மாதம்தான். அப்படியிருந்தும் ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ஆகவே அனுமதிச் சீட்டு வாங்கியாயிற்று, ஏஜென்சிக்குப் பணம் கட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பது தவறு. அனுமதி என்பது உள்ளே போக விடும் தாள். வெளியே வருவதற்குத் தேவை வேறு.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். 1873-இல் பிரிட்டிஷ் அரசு வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறையைக் கொண்டுவந்து, அசாம் சமவெளிக்கும் அதற்கு அப்பாலிருந்த மலைகளுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது. அதைத் தாண்டச் சீட்டு வேண்டும். இன்னர் லைன் பெர்மிட் என்று இன்றும் வழங்குவது அதுவே. அருணாசலம், நாகாலாந்து, மிசோரம் ஆகிய மாநிலங்களில் நுழைய இந்தியக் குடிமக்களுக்கும் அது தேவை. 2019 டிசம்பரில் மணிப்பூரும் சேர்ந்தது. மெச்சுகா, திபாங் பள்ளத்தாக்குகளுக்கோ, 1913-இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் நடந்த பழைய தடத்துக்கோ போகிறவர் பெங்களூரிலேயே இணையம்வழி அருணாசலச் சீட்டை எடுத்துவிடலாம். அது மாநிலத்துக்குள் நுழைவதற்கான சீட்டு மட்டுமே. எல்லையை ஒட்டிய நடைபாதைகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் சம்மதமும் ராணுவத்தின் சம்மதமும் தனியாக வேண்டும்.

மேற்கே கதை வேறு. உத்தராகண்டின் எல்லைப் பள்ளத்தாக்குகளைப் பூட்டியது 1962 போர். கங்கோத்ரிக்கு வடக்கே நேலாங், ஜாதுங் என்று இரண்டு ஊர்கள் இருந்தன. திபெத்தோடு உப்பும் கம்பளியும் வியாபாரம் செய்துவந்த அங்கிருந்த ஜாத் மக்கள் போரின்போது வெளியேற்றப்பட்டு, ஹர்சில் அருகே பகோரியில் குடியேறினார்கள். டேராடூன் சிறைமுகாமிலிருந்து தப்பிய ஹைன்ரிஹ் ஹாரர் 1944-இல் திபெத்துக்குப் போனதும் அந்த வழியேதான். பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்த நேலாங் இப்போது பகல்நேரப் பயணிகளுக்குத் திறந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே, பாறையில் பலகை அடித்துச் செய்த கர்தாங் கலி நடைபாதை 2021-இல் பழுதுபார்க்கப்பட்டுத் திறக்கப்பட்டது.

லடாக்கிலும் கெடுபிடி தளர்ந்திருக்கிறது. நுப்ரா, பாங்காங், ட்சோ மொரிரி போக இந்தியர்கள் வாங்கிவந்த இன்னர் லைன் சீட்டு 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. சுற்றுச்சூழல் கட்டணம் மட்டும் தொடர்கிறது. இமாசலத்தின் கின்னௌர்–ஸ்பிதி சாலைக்கு இந்தியர்களுக்குச் சீட்டு தேவையில்லை, வெளிநாட்டவருக்குத் தேவை. இங்கே தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் அத்தை மகன் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பதால் இந்தியரோடு இந்தியராகப் போய்விடலாம் என்று நினைப்பார். பாதுகாக்கப்பட்ட பகுதிகளைப் பொறுத்தவரை அவர் வெளிநாட்டவர். அவருக்குத் தனி அனுமதி, அதுவும் வழக்கமாகக் குறைந்தது இரண்டு பேர் கொண்ட குழுவாக, பதிவுபெற்ற ஏஜென்சி வழியாக. குடும்பத்தில் நால்வர் போய் ஒருவரைச் சாவடியில் விட்டுவிட்டு ஏற முடியாது. இதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

எல்லைச் சீட்டுக்கு அப்பால் வனத்துறை இருக்கிறது. கங்கோத்ரி தேசியப் பூங்காவில் கோமுக் போக நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. பூக்களின் பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். உள்ளே இரவு தங்கக் கூடாது. நந்தாதேவியின் உள்வட்டம் 1980-களின் தொடக்கத்திலிருந்து மூடியே இருக்கிறது. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு முகாம் போடத் தடைவிதித்து, வருவோர் எண்ணிக்கையை நாளுக்கு 200-ஆகக் கட்டுப்படுத்தியது. பேத்னி, அலி புல்வெளிகளில் கூடாரம் அடித்து ரூப்குண்ட் போய்வந்த பழைய நடை அதோடு மாறிப்போனது. பத்தாண்டுக்கு முன்பு நண்பர் எழுதிக்கொடுத்த பயணக் குறிப்பை வைத்துக்கொண்டு இன்று கிளம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்தக் கட்டுப்பாடுகளைத் தொந்தரவாக எண்ணுகிறவர்கள் நம் பக்கத்து மலைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு தனி விதிகள் வகுத்தது அதற்குப் பிறகுதான், அதே ஆண்டில். கர்நாடகத்தில் 2024 குடியரசு தின விடுமுறையில் குமார பர்வதத்தில் கூட்டம் நெரிந்தது. மலைப்பாதைகளைச் சில மாதம் நிறுத்திவைத்த வனத்துறை, அக்டோபரில் இணையவழிப் பதிவோடு, பாதைக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்ற வரம்போடு மீண்டும் திறந்தது. அதே மாதம் தமிழ்நாடு 40 பாதைகளோடு ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைத் தொடங்கியது. பீன்யாக்காரர் இமயத்துக்குப் போகும் முன் இந்தப் பதிவுமுறைகளில் ஒன்றிரண்டு முறை போய்வருவது நல்ல பழக்கம். பெயர், வயது, அவசரத் தொடர்பு எண் எல்லாம் எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அப்போது புரியும். காணாமல் போனவர் எந்தப் பாதையில், எந்த நாளில் ஏறினார் என்று மீட்புப் படைக்குச் சொல்லும் முதல் ஆவணம் அதுதான்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உத்தராகண்டின் குமாவோன் பகுதியின் கிழக்கே, கோரி கங்கை ஆற்றோடு வடக்கே ஏறிப்போகும் ஜோஹார் பள்ளத்தாக்கு. வாசல் ஊர் முன்சியாரி, முடிவு ஊர் மிலம். திபெத்து வியாபாரம் நடந்த காலத்தில் மிலம் குமாவோனின் பெரிய ஊர்களில் ஒன்று. 1962-க்குப் பிறகு வியாபாரம் நின்றது, ஊர் காலியானது. இன்று கோடையில் சில குடும்பங்கள் ஆடுகளோடு மேலே வந்து உருளைக்கிழங்கு பயிரிட்டுவிட்டுப் பனிக்கு முன்னால் இறங்கிவிடுகின்றன. கூரை விழுந்த கல்வீடுகளின் வரிசையில், செதுக்குவேலை செய்த மரக் கதவுநிலைகள் சில இன்னும் நிற்கின்றன.

இந்த மிலத்தில் பிறந்தவர்தான் நயின் சிங் ராவத். சர்வே துறைக்காகத் திபெத்துக்குள் வேடமிட்டுப் போய், காலடியை எண்ணி எண்ணி லாசாவரை அளந்தவர். 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் அவர் கையில் இருந்தது 100 மணி. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று முடியும்போது பத்தாயிரம் காலடி. அந்த உழைப்புக்காக 1877-இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அவர் வேலைபார்த்த அந்தப் பெரும் அளவீட்டின் தொடக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வில்லியம் லாம்டன் 1800-இல் பெங்களூருக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து பழகினார். 1802-இல் சென்னைப் பரங்கிமலையில் அளந்த கோட்டிலிருந்துதான் இமயம்வரை முக்கோணங்கள் நீண்டன.

இந்தப் பள்ளத்தாக்குக்கு அனுமதி தருபவர் முன்சியாரியின் எஸ்.டி.எம். நம் ஊர்க் கோட்டாட்சியருக்கு நிகரான அதிகாரி. எல்லைப் பகுதிச் சீட்டுக்கு இந்த மாவட்டத்தில் வழக்கமாகக் கேட்பவை அடையாள அட்டை நகல், புகைப்படம், மருத்துவத் தகுதிச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, உறுதிமொழிப் பத்திரம். இதே பிதௌராகட் மாவட்டத்தின் தார்ச்சுலாவில் ஆதி கைலாயம், ஓம் பர்வதம் போகிறவர்களுக்கும் அப்படித்தான். பீன்யாக்காரர் இடறி விழும் இடம் காவல்துறைச் சான்று. குடியிருப்பது பீன்யா இரண்டாம் ஸ்டேஜில், ஆதாரில் இருப்பது ஊத்தங்கரை முகவரி. கர்நாடகத்தில் சேவா சிந்து வழியாக விண்ணப்பித்தால் சரிபார்க்க வருவது உள்ளூர்க் காவல் நிலையம். ஆதாரும் வாடகை ஒப்பந்தமும் இரண்டு முகவரி சொன்னால் கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். ஒன்று, ஆதார் முகவரியை முன்கூட்டியே மாற்ற வேண்டும். அல்லது தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் சொந்த ஊர் முகவரிக்கே சான்று எடுக்க வேண்டும். முன்சியாரிக்குப் போய்ச் சேர்ந்தபின் இதைச் சரிசெய்ய வழியே இல்லை. இன்னொன்று, அரசு அலுவலகம் சனிக்கிழமை மாலை சேர்ந்தவருக்காகத் திங்கள்வரை திறக்காது. விடுமுறைப் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

சீட்டு கையில் வந்தால் நடை. லீலம், புக்தியார், ரில்கோட், மர்தோலி, புர்ஃபு, மிலம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வழியில் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையின் சாவடியில் பெயர், சீட்டு எண், உள்ளே போகும் தேதி, திரும்பும் தேதி பதிவாகும். சாலைப் பணி நடந்துகொண்டிருப்பதால் நடக்க வேண்டிய தூரம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது; வெடிவைத்துப் பாறை உடைக்கும் நேரத்தில் பாதையை நிறுத்திவைப்பதும் நடக்கும். உயரத்தைப் பொறுத்தவரை இது கருணையான பள்ளத்தாக்கு. முன்சியாரி ஏறக்குறைய 2,200 மீட்டர், புக்தியார் 2,500 அளவில், மிலம் 3,400-ஐச் சற்றே தாண்டும். உடம்பு பழகுவதற்கு இடம்கொடுத்து, படிப்படியாக ஏறும் வழி.

இனி லீவுக் கணக்கு. யஷ்வந்த்பூரிலிருந்து டெல்லி இரண்டு நாள் அளவு. அங்கிருந்து ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, காத்கோதாம். ஜீப்பில் முன்சியாரி போக ஒன்றரை நாள் ஒதுக்க வேண்டும். சீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு நாள். ஏறி இறங்க எட்டு நாள். திரும்பும் பயணம் நாலரை நாள். கூட்டினால் 18 அல்லது 19. இதில் மழைக்கோ, சரிவுக்கோ, காய்ச்சலுக்கோ ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. 15 நாள் விடுப்போடு நடுவில் வரும் ஞாயிறுகளும் ஆயுத பூஜை விடுமுறையும் சேர்ந்தால் 19 நாள் தேறும். டெல்லிவரை விமானத்தில் போய்வந்தால் மூன்று நாளுக்கு மேல் மிச்சம். அந்த மிச்ச நாள்கள் உபரி நாள்களாக இருக்க வேண்டும்; இன்னொரு ஏரியைப் பார்ப்பதற்கு அல்ல.

பெரும்பாலான திட்டங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். லீவு குறைந்தால் ரயில் நேரத்தைக் குறைக்க முடியாது, அலுவலக நேரத்தைக் குறைக்க முடியாது. குறைக்க முடிவதுபோல் தோன்றுவது ஓய்வு நாளும் உபரி நாளும் மட்டுமே. ஆகவே எல்லாரும் அவற்றில் கைவைக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றும் நாள்கள் அவை.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. காலையில் விமானம் ஏறியவர் மதியத்துக்குள் லே நகரில், ஏறத்தாழ 3,500 மீட்டரில் நிற்கலாம். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 65 விழுக்காடு. 5,000 மீட்டரில் பாதிக்குச் சற்றே மேல். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் மலைநோய், அசட்டையாக விட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது உலகெங்கும் மலை மருத்துவர்கள் சொல்லும் விதி. சிவகங்கேயை வாரம் தவறாமல் ஏறுவது காலுக்கும் நெஞ்சுக்கும் நல்ல பயிற்சி. அந்த 1,300 சொச்சம் மீட்டர் உயரம் ரத்தத்தை எதற்கும் பழக்காது. பட்டறையில் எட்டு மணி நேரம் நின்று வேலைசெய்யும் உறுதியான இளைஞரும், மெதுவாக நடக்கும் அவருடைய சித்தப்பாவும் மலைநோய்க்கு ஒன்றுதான். வேகமாக ஏறுவதால் இளைஞருக்கே ஆபத்து அதிகம்.

இதில் லடாக்கின் சாதர் நடை ஒரு நல்ல முன்மாதிரி. ஜனவரி, பிப்ரவரியில் உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றின்மேல் நடக்கப் போகிறவர்கள், முதலில் லேயில் சில நாள் தங்கி உடலைப் பழக்கி, மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் சீட்டு. ஓய்வு நாளை அனுமதியின் பகுதியாகவே ஆக்கிவிட்டார்கள். மற்றப் பள்ளத்தாக்குகளில் அந்தக் கண்டிப்பை நடக்கிறவரே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும். ஆறே நாளில் 4,000 மீட்டருக்கு மேல் ஏற்றி இறக்கும் தொகுப்புப் பயணம் எதுவானாலும், எந்த இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்று பணம் கட்டும் முன் எழுதி வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

உபரி நாள் எதற்கு என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே உதாரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் கடலூர் மாவட்டத்திலிருந்து ஆதி கைலாயம் போன 30 பேர், திரும்பும் வழியில் நிலச்சரிவால் சாலை துண்டிக்கப்பட்டு மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் தார்ச்சுலாவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நடந்தது யாத்திரை, பயணித்தது வண்டியில், எல்லாம் ஒழுங்காகவே போனது. மலை மட்டும் சரிந்துவிட்டது. 2023 அக்டோபர் 4 அதிகாலையில் தெற்கு லோனக் பனியேரி உடைந்து தீஸ்தா பள்ளத்தாக்கை அடித்துக்கொண்டு போனபோது வடக்கு சிக்கிம் பல மாதம் துண்டாகக் கிடந்தது. 2025 ஆகஸ்ட் 5 அன்று தராலி ஊரைச் சேறு மூடியது. கங்கோத்ரி வழி நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரின் 87 சுற்றுலா இடங்களில் 48 மூடப்பட்டன. வெவ்வேறு காரணங்கள், விளைவு ஒன்று. அதனால் அனுபவமுள்ளவர்கள் எப்போதும் இரண்டு பள்ளத்தாக்குகளைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது வேறு மாநிலத்தில், வேறு வானிலையில். குமாவோனில் மழை விடாமல் பெய்தால், மழைமறைவில் இருக்கும் ஸ்பிதி காய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

நேபாளம், பூடான் என்று எல்லை தாண்ட நினைப்பவர்களுக்கு விசா கவலை இல்லை. செலவுக் கவலை உண்டு. அன்னபூர்ணா காப்புப் பகுதியில் சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. 1992-இல் திறக்கப்பட்ட மேல் முஸ்தாங், டோல்போ போன்ற கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளுக்குத் தனிச் சீட்டு, பதிவுபெற்ற ஏஜென்சி வழியாக மட்டும். பூடானில் இந்தியர் ஒருவர் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம். பதினைந்து நாள்காரருக்கு இவை அடுத்த கட்டம்.

தொலைத்தொடர்பைப் பற்றி ஒரு வார்த்தை எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் போனும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளும் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாதவை. வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே இதற்காகக் கைதாகியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் நல்லெண்ணத்தோடு வாங்கிவரும் பரிசு வம்பில் முடியும். லடாக்கிலும் ஜம்மு–காஷ்மீரிலும் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அடுப்பு எரிபொருளும் அப்படித்தான். ரயிலில் எரிவாயுவோ மண்ணெண்ணெயோ கொண்டுபோவது குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் சமையல் சிலிண்டரால் பற்றிய தீயில் ஒன்பது பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எரிபொருளை மலையடி ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மேலே சிக்னல் இல்லாத இடத்தில் உதவி என்றால் அது மனிதர்கள்தான்: வழிகாட்டி, கோவேறு கழுதைக்காரர், சுமை தூக்குகிறவர். ஏஜென்சியோடு பேரம் பேசும்போது நம்மவர்கள் கூடாரம், சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக் என்று எல்லாம் கேட்கிறார்கள். சுமை தூக்குகிறவருக்குக் காப்பீடு உண்டா, அவர் முதுகில் எத்தனை கிலோ, இரவு அவர் எங்கே தூங்குகிறார் என்று கேட்பவர் அரிது. இந்தக் கேள்வியைக் கேட்கப் பீன்யாக்காரரைவிடப் பொருத்தமானவர் யார்? கான்ட்ராக்ட் வேலையில் ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாமல் விரல் போனவர்களை இந்தத் தொழிற்பேட்டைக்குத் தெரியும். நல்ல ஜாக்கெட்டும் நல்ல காலணியும் சுமைக்காரருக்கும் இருந்தால்தான் பனிப்புயலில் அவரால் நமக்கு உதவ முடியும் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணமே போதுமானது. தன் மருத்துவக் காப்பீட்டையும் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். சாகச விளையாட்டுகளையும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேலான மலையேற்றத்தையும் சாதாரணப் பாலிசிகள் பல விலக்கிவைக்கின்றன.

வீட்டில் விட்டுப்போக வேண்டியது ஒரு தாள். எந்த நாள் எந்த ஊரில் இரவு, வழிகாட்டியின் எண், சீட்டு கொடுத்த அலுவலகத்தின் எண், கடைசியாக எந்தத் தேதிக்குள் போன் வராவிட்டால் 112-ஐயும் அந்த மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையையும் அழைக்க வேண்டும் என்பது. அந்தக் கடைசித் தேதியில் உபரி நாள்களையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லையென்றால் வீட்டார் வீணாகப் பதறுவார்கள், அல்லது பதற வேண்டிய நேரத்தில் பதறாமல் இருப்பார்கள்.

முதல்முறை போகிறவருக்கு மிலம் போல 3,500 மீட்டருக்குள் முடியும் பள்ளத்தாக்கே சரியான தேர்வு. கணவாய் தாண்டும் நடைகளும் 4,500 மீட்டர் ஏரிகளும் அடுத்த ஆண்டின் 15 நாளுக்குக் காத்திருக்கலாம். பருவமழை விலகிய செப்டம்பர் பின்பாதியும் அக்டோபரும் குமாவோனுக்கு நல்ல காலம். ஆயுத பூஜை விடுமுறையும் பெரும்பாலும் அப்போதே வரும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. அக்டோபர் 1 அன்று யஷ்வந்த்பூரில் ஏற வேண்டியவர் ஆகஸ்ட் 2 காலை எட்டு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். காவல்துறைச் சான்றுக்கு ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மேற்பார்வையாளரிடம் லீவு கேட்பதும் அந்த மாதமே நடக்கட்டும். கேட்கும்போது உபரி நாள் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.